கிட் தவறவிட்ட இரண்டு பேரை என்ன செய்வது?

கடிதம் எழுதியவர் சிறிய மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் லேப் டெக்னீஷியன். அவர் கேட்டுக்கொண்டபடி பெயர், இடம், கிட்டின் பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். கடிதத்தின் சாரம் இது.

காய்ச்சலோடு வருகிறவர்களுக்கு இதுவரை ரத்த ஸ்மியர் (கண்ணாடித் தகட்டில் பரப்பிய ரத்தம்; ஸ்லைடு என்பதும் இதுவே) எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத்தான் மலேரியா முடிவு கொடுத்துவந்தார். இப்போது நிர்வாகம் ரேபிட் டெஸ்ட் கிட்டுக்கு (பட்டையில் ரத்தம் விட்டு, கோடு வருகிறதா என்று பார்ப்பது) மாற நினைக்கிறது. "கொஞ்ச நாள் போட்டுப் பார்த்து அறிக்கை கொடு" என்று மேலாளர் சொல்ல, இவர் 80 பேருக்கு ஸ்லைடு, கிட் இரண்டையும் செய்திருக்கிறார். ஸ்லைடில் மலேரியா உறுதியானவர்கள் 20 பேர்: ஃபால்சிபாரம் 14, வைவாக்ஸ் 6 (இரண்டும் மலேரியா கிருமியின் இனங்கள்). இவர்களில் 18 பேரைக் கிட் பிடித்தது, இரண்டு பேரைத் தவறவிட்டது. ஸ்லைடில் ஒன்றும் இல்லாத 60 பேரில் 6 பேருக்குக் கிட் பாசிட்டிவ் காட்டியது.

தவறவிட்ட இருவரில் ஒருவருக்கு வைவாக்ஸ். 200 வெள்ளையணுக்களை எண்ணி முடிப்பதற்குள் கண்ணில் பட்டது 4 கிருமிகள்தான். இன்னொருவருக்கு ஃபால்சிபாரம், அதே 200 வெள்ளையணுக்களுக்கு 1,050 வளையங்கள் (இளம் கிருமிகள்). "அவ்வளவு கிருமி இருந்தும் கிட்டில் கண்ட்ரோல் கோடு மட்டும் பளிச்சென்று வந்து நின்றது. எனக்குக் கை நடுங்கிவிட்டது" என்று எழுதியிருக்கிறார். கண்ட்ரோல் கோடு மட்டும் என்றால், மலேரியாவுக்கான டெஸ்ட் கோடு வரவில்லை என்று பொருள்.

மேலாளர் பதறவில்லை. "20க்கு 18 என்றால் 90 சதவீதம், தாராளமாகப் போதும். கம்பெனி 99 என்று போட்டிருக்கிறது. அந்த இரண்டும் உன் கைப்பிழையாக இருக்கும், விட்டுவிட்டு எழுது. இனிமேல் மைக்ரோஸ்கோப் வேலையும் வேண்டாம்" என்றாராம். கிட் மோசமா, என் ஸ்லைடு தப்பா, அந்த இருவரை விட்டுவிட்டு எழுதலாமா, மாட்டேன் என்றால் வேலை போகுமா, மைக்ரோஸ்கோப்பை மூடிவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள். கடிதத்தின் ஓரத்தில் போகிறபோக்கில் மூன்று விஷயங்களையும் சொல்லியிருக்கிறார்: எப்போதும் ஸ்லைடைப் பார்த்த பிறகே கிட்டைப் படித்தார், கூட்டம் அதிகமான நாட்களில் எல்லாப் பட்டைகளையும் சேர்த்து ஒரு மணி நேரம் கழித்துப் படித்தார், கிட் பெட்டிகள் ஆட்டோகிளேவ் (கருவிகளைச் சூட்டில் கிருமிநீக்கும் இயந்திரம்) பக்கத்து அலமாரியில் இருந்தன.

இனி உங்களிடம் நேராகப் பேசுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த இருவருக்கும் ஸ்லைடு முடிவை வைத்துத்தான் மருந்து கொடுக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் உங்கள் பரிசோதனையால் யாருக்கும் பாதிப்பு வரவில்லை. கிட்டை மட்டும் நம்பி முடிவெடுக்கும் காலம் வருவதற்கு முன்பே இது கண்ணில் பட்டது நல்லதாகப் போயிற்று. உங்கள் 80 முடிவுகளில் எனக்கு மிகவும் பயன்பட்டவை அந்த இரண்டும்தான். மேலாளர் நீக்கச் சொல்வதும் அதே இரண்டைத்தான்!

அந்த ஃபால்சிபாரம் ஸ்லைடு

ஒரு மைக்ரோலிட்டருக்கு 8,000 வெள்ளையணுக்கள் என்ற வழக்கமான கணக்கை வைத்தால், உங்கள் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்குச் சுமார் 42,000 கிருமிகள் என்று வருகிறது. நல்ல கிட் ஒன்று மைக்ரோலிட்டருக்கு 200 கிருமிகள் இருந்தாலே கோடு காட்ட வேண்டும். ஆகவே "கிருமி குறைவு" என்ற சமாதானம் இங்கே செல்லாது. வேறு காரணம் தேட வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வரிசையில் தேடுவேன்.

முதல் சந்தேகம், எண் மாறியிருக்கலாம் என்பது. உங்கள் பதிவேட்டில் அதே நாளைப் புரட்டுங்கள். கிட் பாசிட்டிவ், ஸ்லைடு நெகட்டிவ் என்று வந்த ஆறு பேரில் யாராவது அன்றைக்கே வந்தவரா? அப்படி இருந்தால், இரண்டு பட்டைகளின் எண்கள் இடம் மாறியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மாறினால் ஒரு தவறான நெகட்டிவும் ஒரு தவறான பாசிட்டிவும் ஜோடியாகத்தான் வரும். பட்டையின் மேலேயே பென்சிலாலோ மார்க்கராலோ எண் எழுதும் பழக்கம் இல்லாத ஆய்வகங்களில் இது சகஜம்.

எண் சரியாக இருந்தால் செய்முறையைப் பாருங்கள். பெரும்பாலான கிட்டுகளுக்கு 5 மைக்ரோலிட்டர் ரத்தம் போதும். அது ரத்தத்துக்கான குழியில் விழுந்ததா, பஃபர் (ரத்தத்தைப் பட்டையில் ஓடவைக்கும் திரவம்) அதற்கான குழியில் சரியான சொட்டுக் கணக்கில் விழுந்ததா? கண்ட்ரோல் கோடு வந்ததே என்று கேட்பீர்கள். இங்கேதான் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. கண்ட்ரோல் கோடு வந்தால், திரவம் பட்டையில் கடைசிவரை ஓடியது, நிறத்துகளோடு ஒட்டிய ஆன்டிபாடி (குறிப்பிட்ட பொருளைப் பிடிக்கும் புரதம்) நகர்ந்து வந்தது என்று மட்டும்தான் அர்த்தம். டெஸ்ட் கோட்டில் படிய வைத்திருக்கும் ஆன்டிபாடி இன்னும் வேலை செய்கிறதா என்று அது சொல்லாது. ரத்தம் போட்டீர்களா என்றுகூட அதற்குத் தெரியாது. வெறும் பஃபரை ஊற்றினாலும் கண்ட்ரோல் கோடு வந்துவிடும்.

மூன்றாவது, ஆன்டிஜென் (கிட் தேடும் கிருமிப் புரதம்) அளவுக்கு மீறிப் போய் கோடு உருவாகாமல் போவது. ப்ரோஸோன் என்பார்கள். எச்ஆர்பி2 என்ற ஃபால்சிபாரம் புரதத்தைத் தேடும் கோட்டில் இது பதிவாகியிருக்கிறது, ஆனால் அடிக்கடி நடப்பதல்ல. ரத்தம் கையில் இருந்தால், சலைனில் பத்தில் ஒரு பங்காக நீர்க்கச் செய்து புதிய பட்டையில் போட்டால் தெரிந்துவிடும். நீர்த்த ரத்தத்தில் கோடு வந்தால் இதுதான் காரணம்.

நான்காவதுதான் என்னைக் கவலைப்பட வைப்பது. உங்கள் கிட்டில் ஃபால்சிபாரத்துக்கான கோடு எச்ஆர்பி2 என்ற புரதத்தைத் தேடுகிறது. அந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணுவே இல்லாத ஃபால்சிபாரம் கிருமிகள் உண்டு. பெருவின் அமேசான் பகுதியில் அவை பரவியிருப்பதை 2010-ல் வெளியான ஆய்வு காட்டியது. பிறகு எரித்ரியா, எத்தியோப்பியா, ஜிபூட்டி எனப் பல நாடுகளில் தெரியவந்தது. அப்படிப்பட்ட கிருமி ஏராளமாக இருந்தாலும் எச்ஆர்பி2 கோடு வராமல் போகலாம். எல்லா மலேரியா இனங்களுக்கும் பொதுவான எல்டிஎச் என்ற புரதத்தைத் தேடும் கோடு உள்ள கிட்டாக இருந்தால் அந்தக் கோடாவது வந்து காட்டிக்கொடுக்கும். உங்களுடையதில் இரண்டாவது கோடு வைவாக்ஸுக்கு மட்டும் என்கிறீர்கள். அதனால் இரண்டு கோடும் வராமல், "மலேரியா இல்லை" என்றே படித்திருப்பீர்கள். இந்த மரபணு நீக்கத்தால் எச்ஆர்பி2 கிட்டுகளில் தவறான நெகட்டிவ் வருவது ஒரு பகுதியில் ஃபால்சிபாரம் நோயாளிகளில் 5 சதவீதத்தைத் தாண்டினால், எச்ஆர்பி2-ஐ மட்டும் நம்பாத கிட்டுக்கு மாற வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. ஒரே ஒரு நோயாளியை வைத்து அந்த முடிவுக்குப் போக முடியாது. ஆனால் தகவல் சொல்ல அந்த ஒருவரே போதும்.

இன்னொரு சாத்தியமும் உண்டு: இனத்தை மாற்றிப் படித்திருக்கலாம். மலேரியே, ஓவலே இனங்களுக்கு உங்கள் கிட்டில் கோடே கிடையாது. ஆனால் மலேரியேயில் 42,000 வரை எண்ணிக்கை ஏறுவது அபூர்வம். தென்கிழக்கு ஆசியக் காட்டுப் பகுதிகளில் குரங்குகளிடமிருந்து வரும் நோலேசி என்றால், இளம் வளையங்கள் ஃபால்சிபாரம் போலவே இருக்கும், எண்ணிக்கையும் வேகமாக ஏறும். அந்த ஸ்லைடைத் துடைத்துவிடாதீர்கள். எண்ணெயை மெதுவாக எடுத்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள், அனுபவமுள்ள இன்னொருவர் பார்க்கட்டும். நோயாளியின் ரத்தம் கொஞ்சம் மிச்சமிருந்தால் வடிதாளில் சொட்டுவிட்டு நன்றாக உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு உறையில் போட்டு வையுங்கள். தேசிய மலேரியா ஆய்வகங்கள் அதிலிருந்தே பிசிஆர் (மரபணுப் பரிசோதனை) செய்து இனத்தையும் மரபணுவையும் சொல்லிவிடும்.

வைவாக்ஸ் நோயாளி வேறு கதை

4 கிருமி என்றால் மைக்ரோலிட்டருக்குச் சுமார் 160. இந்த அளவில் கிட் தவறவிடுவது கிட்டின் எல்லை. அதைக் கோளாறு என்று சொல்ல மாட்டேன். உலக சுகாதார அமைப்பின் மாதிரித் தொகுப்புகளே 200, 2,000 என்ற இரண்டு அளவுகளில்தான் கிட்டுகளைச் சோதித்தன. 160-ல் கண்டுபிடித்தது உங்கள் கண்ணின் திறமை, அதைப் பற்றி நீங்கள் சந்தேகப்படவே வேண்டாம்.

ஆனால் அவருக்கு நிஜமான காய்ச்சல் இருந்தது. வைவாக்ஸில் குறைந்த கிருமியிலேயே ஆள் படுத்துவிடுவார். அதனால் எந்தக் கிட்டை வாங்கினாலும், "ஒருமுறை நெகட்டிவ் என்றால் மலேரியா இல்லை" என்று யாரும் நினைக்காதபடி முடிவுத் தாளிலேயே ஒரு வரி அச்சிடச் சொல்லுங்கள்: காய்ச்சல் தொடர்ந்தால் ஓரிரு நாளில் மறுபடி பரிசோதிக்க வேண்டும். ஆள் மோசமாக இருந்தால் அந்த ஓரிரு நாள்கூடக் கிடையாது, உடனே ஸ்லைடு. ஃபால்சிபாரம் ஒரு நாளுக்குள் ஆளைக் கவிழ்த்துவிடும்.

ஆறு பாசிட்டிவ்களும் ஒன்றல்ல

ஆறில் நான்கு பேர் கடந்த ஒரு மாதத்துக்குள் ஃபால்சிபாரத்துக்கு மருந்து சாப்பிட்டவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் ஆச்சரியமே இல்லை. கிருமி செத்த பிறகும் எச்ஆர்பி2 புரதம் ரத்தத்தில் வாரக்கணக்கில் தங்கியிருக்கும். இரண்டு முதல் ஐந்து வாரம் வரை கோடு வருவது சாதாரணம். கிட் பொய் சொல்லவில்லை, "இவருக்குச் சமீபத்தில் ஃபால்சிபாரம் இருந்தது" என்ற உண்மையைத்தான் சொல்கிறது. நாம் கேட்ட கேள்வி வேறாக இருந்தது, அவ்வளவுதான். இதே காரணத்தால், மருந்து வேலை செய்ததா என்று பார்க்க எச்ஆர்பி2 கிட்டைப் பயன்படுத்தவே கூடாது. எல்டிஎச் கோடு அப்படியல்ல, கிருமி செத்ததும் சில நாளில் மறைந்துவிடும்.

ஆனால் அந்த நான்கு பேரை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, "பார், தவறு குறைந்துவிட்டது" என்று காட்டாதீர்கள். அது மேலாளர் கேட்கிற வேலையின் மறுபக்கம்தான். 80 பேரில் சமீபத்தில் மருந்து சாப்பிட்ட எல்லோரையும், கிட் நெகட்டிவ் வந்தவர்களையும் சேர்த்து, தனி வரிசையாகப் பிரித்துக் காட்டுங்கள்.

மீதி இரண்டு பேர்? அவர்களுடைய பட்டைகள் கூட்டமான நாளில் தாமதமாகப் படித்தவையா என்று பாருங்கள். பட்டை காய ஆரம்பித்ததும் நிறம் பின்னோக்கி நகர்ந்து, இல்லாத இடத்தில் மங்கலான கோடு தோன்றலாம். உறையில் 15 நிமிடம் என்றிருந்தால் 15 நிமிடம், 20 என்றிருந்தால் 20. அதிகபட்ச நேரமும் அச்சிட்டிருக்கும், அதைத் தாண்டிய பட்டை குப்பைக்குத்தான். ரத்தத்தில் ருமட்டாய்டு ஃபேக்டர் (மூட்டுவாத நோயில் காணப்படும் ஆன்டிபாடி) இருப்பவர்களுக்கும் சில கிட்டுகள் தவறாகப் பாசிட்டிவ் காட்டும். கடைசியாக, உங்கள் ஸ்லைடு தவறவிட்ட குறைந்த கிருமியும் காரணமாக இருக்கலாம். ஸ்லைடை உரைகல்லாக வைக்கிறோம், ஆனால் அதுவும் தவறும். தடித்த ஸ்மியரில் 200 புலம் (மைக்ரோஸ்கோப்பில் ஒரு பார்வையில் தெரியும் வட்டம்) பார்க்காமல் நெகட்டிவ் எழுதினீர்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

90 சதவீதம் என்ற எண்

மேலாளரின் கணக்கில் கூட்டல் கழித்தல் தவறில்லை. 20-ல் 18 என்றால் 90 சதவீதம்தான். ஆனால் 20 என்பது மிகச் சிறிய எண். புள்ளியியல் முறைப்படி பார்த்தால், கிட்டின் உண்மையான பிடிக்கும் திறன் 68 சதவீதமாகவும் இருக்கலாம், 99 சதவீதமாகவும் இருக்கலாம். உங்கள் தரவு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. வைவாக்ஸை மட்டும் தனியாக எடுத்தால் 6-ல் 5. அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அவர் சொல்கிறபடி இருவரை நீக்கி 18-க்கு 18 என்று எழுதினால் நூறு சதவீதம் வரும், அப்படி ஒரு எண்ணைப் பார்த்தால் விவரம் தெரிந்தவர் யாரும் முதலில் சந்தேகப்படுவார்.

இன்னொன்று, இதைப் பலரும் யோசிப்பதில்லை. உங்களிடம் வந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மலேரியா இருந்தது. அந்தக் கூட்டத்தில் கிட் பாசிட்டிவ் காட்டிய 24 பேரில் 18 பேருக்கு உண்மையிலேயே நோய் இருந்தது, நான்கில் மூன்று. இதே கிட்டை, இதே திறனோடு, மலேரியா குறைந்த மாதத்தில் காய்ச்சலோடு வரும் 1,000 பேருக்குப் போடுவதாக வையுங்கள். அவர்களில் 20 பேருக்குத்தான் நோய். கிட் 18 பேரைப் பிடிக்கும். நோய் இல்லாத 980 பேரில் 98 பேருக்கும் பாசிட்டிவ் காட்டும். ஆக 116 பாசிட்டிவில் 18தான் உண்மை, ஆறில் ஒன்றுகூடத் தேறாது. கிட்டில் எதுவும் மாறவில்லை, வரிசையில் நிற்கிறவர்கள்தான் மாறினார்கள். மறுபக்கம், நெகட்டிவ் வந்த 884 பேரில் தவறிப்போனவர்கள் இரண்டே பேர். அப்படிப்பட்ட மாதத்தில் இந்தக் கிட்டின் நெகட்டிவை நம்பலாம், பாசிட்டிவை ஸ்லைடு போட்டு உறுதிசெய்ய வேண்டும். நோய் உச்சத்தில் இருக்கும் மாதத்தில் இது தலைகீழாகும்.

கம்பெனியின் 99 பற்றி: அது பொய் என்று சொல்ல மாட்டேன். யாரிடம், எவ்வளவு கிருமி உள்ளவர்களிடம் எடுத்த எண் என்று கேளுங்கள். மைக்ரோலிட்டருக்கு ஆயிரக்கணக்கில் கிருமி உள்ளவர்களை மட்டும் சேர்த்துச் சோதித்தால் சுமாரான கிட்கூட 99 எடுக்கும். உலக சுகாதார அமைப்பு 2008 முதல் 2018 வரை எட்டுச் சுற்றுகளாகக் கிட்டுகளைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டது. 200 கிருமி அளவில் குறைந்தது 75 மதிப்பெண், தவறான பாசிட்டிவ் 10 சதவீதத்துக்குக் கீழே, செல்லாத பட்டைகள் 5 சதவீதத்துக்குக் கீழே என்பது தேர்ச்சிக் கோடு. 75-தானா என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். இரண்டு லாட்களிலிருந்தும் (தயாரிப்புத் தொகுதிகள்) எடுத்த எல்லாப் பட்டைகளும் பாசிட்டிவ் ஆனால்தான் ஒரு மாதிரிக்கு மதிப்பெண்; ஒரு பட்டை தவறினாலும் பூஜ்யம். 2018 முதல் அந்த அமைப்பின் முன்தகுதி பெற்ற கிட்டா என்பதே முதல் கேள்வி. விற்பனைப் பிரதிநிதியிடம் அதைக் கேளுங்கள். பெட்டியில் உள்ள தயாரிப்பு எண்ணும் பட்டியலில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒரே கம்பெனி ஒரே மாதிரிப் பெயரில் வேறு வேறு கிட்டுகள் விற்கும்.

மறுபடி செய்வதென்றால்

எல்லாவற்றையும் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது தேவையில்லை, உங்கள் இடத்தில் முடியவும் முடியாது. 90 சதவீதத் திறனைக் கூட்டவோ குறைக்கவோ 5 என்ற துல்லியத்தில் அளக்க, மலேரியா உள்ள நோயாளிகள் மட்டும் 138 பேர் வேண்டும். உங்கள் விகிதத்தில் அதற்கு 550 பேருக்கு மேல் பரிசோதிக்க வேண்டும். முன்தகுதி பெற்ற கிட்டை எடுத்துக்கொண்டு, அது உங்கள் கையில், உங்கள் அலமாரியில், உங்கள் நோயாளிகளிடம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சரிபார்த்தால் போதும். அதற்குச் சில திருத்தங்கள் வேண்டும்.

• ஸ்லைடு முடிவு தெரிந்தபின் பட்டையைப் படிக்காதீர்கள். பாசிட்டிவ் என்று தெரிந்தால் மங்கல் கோடு கண்ணுக்குத் தெரியும், நெகட்டிவ் என்று தெரிந்தால் அதே கோடு நிழலாகிவிடும். பட்டையை ஒரு நர்ஸ் படித்து உறையில் எழுதி மூடட்டும். எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான், பாசிட்டிவ் என்றே எழுத வேண்டும்.

• காய்ச்சலோடு வருகிற எல்லோரையும் வரிசையாகச் சேருங்கள். "இவருக்கு மலேரியா போலிருக்கிறது" என்று பொறுக்கி எடுத்தால் எந்தக் கிட்டும் நன்றாகத்தான் தெரியும்.

• ஸ்லைடுகளை இன்னொருவரும் தனியாகப் படிக்கட்டும். இருவரும் முரண்பட்டால் மூன்றாமவர். பிசிஆர் வசதி கிடைத்தால், முரண்பட்ட மாதிரிகளை மட்டும் அனுப்பாதீர்கள். ஒத்துப்போனவற்றிலும் சிலவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். முரண்பட்டதை மட்டும் திருத்தினால் கணக்கு எப்போதும் கிட்டுக்குச் சாதகமாகவே நகரும்.

• அலமாரியை மாற்றுங்கள். ஆட்டோகிளேவ் ஓடும் நேரத்தில் அந்தத் தட்டில் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். பெட்டியில் அச்சிட்ட உச்ச வெப்பநிலை சிலவற்றில் 30 டிகிரி, சிலவற்றில் 40. அதைத் தாண்டிக் கிடந்த கிட்டில் டெஸ்ட் கோடு முதலில் சாகும், கண்ட்ரோல் கோடு நன்றாகவே வரும். உறையைப் பிரித்தவுடன் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தின் நிறத்தைப் பார்த்து, மாறியிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

• ஒவ்வொரு நோயாளிக்கும் எதிரில் லாட் எண், பட்டை போட்ட நேரம், படித்த நேரம். தவறவிட்ட அந்த இருவரும் ஒரே பெட்டியா என்று இப்போது உங்களால் சொல்ல முடியுமா? இந்த மூன்று கட்டங்கள் இருந்தால் முடியும்.

நோயாளிகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: வழக்கமான பரிசோதனையோடு இன்னொரு கிட்டும் போட்டுப் பார்க்கிறோம், சிகிச்சை ஸ்லைடை வைத்துத்தான். கூடுதலாக ஊசி குத்த வேண்டியிருந்தால் சம்மதம் கேட்க வேண்டும், மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. அறிக்கையில் பெயர் வரக்கூடாது, எண் போதும்.

மைக்ரோஸ்கோப்பை மூடலாமா?

கூடாது. கிட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவில், விடுமுறையில், நீங்கள் இல்லாதபோது, இருபது நிமிடத்தில் ஒரு நர்ஸே முடிவு சொல்ல முடியும் என்பது பெரிய விஷயம். ஸ்லைடுக்கு ஆள் இல்லை என்று யூகத்தில் மலேரியா மாத்திரை கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல். 2010-லேயே உலக சுகாதார அமைப்பு, சந்தேகப்படும் எல்லோருக்கும் பரிசோதித்து உறுதிசெய்த பிறகே மருந்து என்று சொல்லிவிட்டது, அதற்கு வழிவிட்டதே இந்தக் கிட்டுகள்தான்.

ஆனால் கிருமி எத்தனை என்று கிட் சொல்லாது. கோடு அடர்த்தியாக இருந்தால் கிருமி அதிகம் என்று படிப்பதும் தவறு. மருந்து கொடுத்தபின் கிருமி குறைகிறதா என்று பார்க்க, இரண்டு இனம் கலந்திருக்கிறதா என்று பார்க்க, கிட் நெகட்டிவ் ஆகியும் ஆள் மோசமாகும்போது மறுபடி தேட ஸ்லைடு வேண்டும். நான் உங்கள் நிர்வாகத்துக்குச் சொல்வதென்றால், பகலில் ஸ்லைடு, நீங்கள் இல்லாத நேரத்தில் கிட், கிட் போட்ட எல்லோருக்கும் ஒரு ஸ்மியரை எடுத்து வைத்து மறுநாள் பார்ப்பது என்ற ஏற்பாடு. கிட்டையும் எச்ஆர்பி2-உடன் எல்லா இனத்துக்குமான எல்டிஎச் கோடும் உள்ளதாகப் பார்த்து வாங்கச் சொல்வேன். எல்டிஎச் கோடு பொதுவாக வெப்பத்தை அவ்வளவு தாங்காது, குறைந்த கிருமியிலும் கொஞ்சம் பின்தங்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் உங்கள் 42,000 போன்ற ஒருவரை வெறும் கண்ட்ரோல் கோட்டோடு வீட்டுக்கு அனுப்பும் ஆபத்து அதில் குறைவு.

அறிக்கை, கையெழுத்து, வேலை

இருவரை நீக்கிய அறிக்கையில் கையெழுத்துப் போடாதீர்கள். நாளைக்குக் கிட் நெகட்டிவ் என்று அனுப்பப்பட்ட ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், பழைய பதிவேட்டையும் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அன்றைக்கு அந்தக் கையெழுத்து உங்களுடையது, வாய்மொழியாகச் சொன்னவருடையது அல்ல. அதேசமயம் மேலாளரோடு மோதவும் தேவையில்லை. "கைப்பிழையாக இருக்கலாம்" என்று அவர் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. நானே அதைத்தான் முதல் சந்தேகமாக வைத்தேன். கைப்பிழை என்று நிரூபணமானாலும் அது அறிக்கையில் இருக்க வேண்டியதுதான், ஏனென்றால் நாளைக்குக் கிட்டைப் போடப் போகிறதும் கைகள்தானே.

அவரிடம் இப்படிப் பேசிப் பாருங்கள்: "நீக்கினால் 100 சதவீதம் வருகிறது சார், யாரும் நம்ப மாட்டார்கள். அப்படியே வைத்து, காரணம் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று எழுதினால் மருத்துவமனைக்குத்தான் பாதுகாப்பு." பேசியதை அன்றைக்கே ஒரு சிறு மின்னஞ்சலாக அவருக்கு அனுப்பி, முழு அட்டவணையையும் இணைத்துவிடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், சிகிச்சைக்குப் பொறுப்பான மருத்துவரிடம் அட்டவணையைக் காட்டுங்கள். அவர் இந்த முடிவுகளை நம்பி மருந்து எழுதுகிறவர், கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. வேலை போகுமா என்பதற்கு இங்கிருந்து என்னால் உறுதி தர முடியாது. ஆனால் தேதியிட்ட மின்னஞ்சலும் முழுப் பதிவேடும் கையில் இருப்பவரின் நிலை, திருத்திய அறிக்கையில் கையெழுத்துப் போட்டவரின் நிலையைவிட எப்போதும் பலமானது.

அறிக்கையில் அந்த இருவருக்கான வரிகளை நீங்கள் இப்படி எழுதலாம்:

"ஸ்லைடில் பாசிட்டிவ் ஆன 20 பேரில் இருவருக்குக் கிட் நெகட்டிவ். ஒருவருக்கு வைவாக்ஸ், மைக்ரோலிட்டருக்குச் சுமார் 160. கிட் கண்டறியும் எல்லைக்குக் கீழே. மற்றவருக்கு ஃபால்சிபாரம், சுமார் 42,000, காரணம் தெரியவில்லை. எண் மாற்றம், செய்முறை, சேமிப்பு வெப்பநிலை, ப்ரோஸோன், எச்ஆர்பி2 மரபணு நீக்கம், இன அடையாளம் ஆகியவை சரிபார்க்கப்படுகின்றன. ஸ்லைடு பாதுகாக்கப்பட்டுள்ளது. காரணம் தெரியும்வரை, நோய்க்குறி கடுமையாக உள்ளவர்களுக்குக் கிட் நெகட்டிவை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்."

இதன் நகலை, லாட் எண்ணோடு, கிட் தயாரிப்பாளருக்கும் உங்கள் பகுதியின் மலேரியா கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். அந்த லாட்டில் பிரிக்காத பட்டைகள் பத்திருபதை அலமாரியிலிருந்து எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். அவர்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.